பாலாற்றங்கரை நச்சுக்குவியலும் சப்ரகமுவ ஓடைகளும்

தமிழிலக்கியத்தில் ஆறு பெரிதும் வாழ்த்துக்குரிய பொருளாகவே இடம்பெற்று வந்துள்ளது. நாட்டுப்படலத்துக்கு முன் ஆற்றுப்படலம் அமைத்தவர் கம்பர். ஆலைக்கழிவு கலந்த ஆற்றை அம்மரபு அறியாது. அறியவேண்டிய தேவையும் அதற்கிருக்கவில்லை. கைத்தொழில் முதலாளித்துவத்தின் எழுச்சியோடுதான் ஆறு வேறொரு பொருளாயிற்று. 1839 இல், பதினெட்டு வயதில், தம் பிறந்தகத்தைப் பற்றி எழுதப் புகுந்த ஏங்கெல்ஸ் வுப்பர் ஆற்றின் செந்நிறத்திலிருந்தே தொடங்குகின்றார். அது சாயத்தொழிற்சாலைகள் தந்த நிறம்.

ஓப்பநாயக்கவைச் சூழ்ந்த பகுதியில் றப்பரும் தேயிலையும் இரத்தினக்கல் அகழ்வும் அருகருகே நடைபெறுகின்றன. ஒருகாலத்தில் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இவ்வூர்வரை நீண்டிருந்தமைக்குத் தோட்ட விளைபொருள்களே காரணம். தோட்டத்து ஓடைகள் களு கங்கையைச் சேர்ந்து இரத்தினபுரியூடாகக் களுத்துறைக் கடலை அடைகின்றன. லயத்து மக்களுக்குப் பீலியும் ஓடையுமே குடிநீர், குளிநீர். ஆகவே நீர் மாசடைதலும் அதைத் துப்புரவாக்குதலும் இங்கு வாழ்க்கைப் பிரச்சினைகளாகும்.

மாசு யாவும் ஒரே தன்மையனவல்ல என்பதை முதலிற் கூறவேண்டும். றப்பர்ப்பாலைப் போமிக் அமிலமிட்டு உறையச் செய்தபின் எஞ்சும் நீரிற் புரதமும் சர்க்கரையும் மிகுதி. ஓடையிற் கலந்தால் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கையில் நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோக, மீன்கள் மடியும். செறிபால் எடுத்தபின் எஞ்சும் மெலிந்த பாலை உறையவைக்கக் கந்தக அமிலம் பயன்படுமிடத்து அழுகிய முட்டை நாற்றமும் எழும். எனினும் தடாகங்களில் தேக்கி நுண்ணுயிர்களைக் கொண்டே இக்கழிவைப் பெருமளவு தணிக்கலாம். கடின உலோகங்களின் நிலை வேறு. அவை சிதைவதில்லை, இடம் மாறவும் வடிவம் மாறவும் மட்டுமே செய்யும்.

இதற்குத் தமிழ்நாட்டின் பாலாற்றுப் பிரதேசம் தக்க சான்று. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்சேர்க்கப்பட்ட மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்றாதலின், அது நமக்கு முற்றிலும் அந்நிய மண்ணன்று. அங்கு தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் பழுதுற்றதை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஓகஸ்ட் 28 இல் அளித்த தீர்ப்பிற் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் தத்துவம் இந்தியச் சட்டத்தின் பகுதியெனவும் அத்தீர்ப்பு கூறிற்று. ஆயினும் இராணிப்பேட்டையில் தோல் பதனிடுதலுக்கான குரோமிய இரசாயனங்களைச் செய்த தொழிற்சாலையொன்று 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்டபோது, ஒன்றரை இலட்சம் தொன்னுக்குக் குறையாத கழிவு திறந்த வெளியிற் குவிந்து கிடந்தது. இலாபம் பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது, குவியல் ஊருக்கு எஞ்சிற்று. மழை பெய்யுந்தோறும் அதன் மஞ்சள் நீர் நிலத்தடிக்கு இறங்கியது.

அறுவலுக் குரோமியம் நீரிற் கரைவது, புற்றுநோய் விளைப்பது. பெரசுச் சல்பேற்றைச் சேர்த்தால் அது நச்சு குறைந்த மூவலு நிலைக்குத் தாழ்ந்து, தக்க காரநிலையில் ஐதரொட்சைட்டாகப் படியும். இரசாயனம் இவ்வளவு எளிது. கடினமானது வேலைதான். குவியலை மூடி மழைநீரைத் தடுத்தல், அடியிற் கசியாத களிமண் அல்லது பிளாத்திக்குப் படுகை அமைத்தல், கிணறுகள் தோண்டி நச்சுநீரை ஆண்டுக்கணக்கில் இறைத்துச் சுத்திகரித்தல் என அது நீளும். இவற்றின் முடிவிலும் சேறு எஞ்சும். ஆற்றிலிருந்து அகற்றிய நஞ்சு அச்சேற்றில் இருக்கும்.

அச்சேற்றுக்கு அருகில் உறங்குபவர் யார்? 2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டையில் தோற்கழிவுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் சேற்றுத்தொட்டிச் சுவர் உடைந்தது. அருகில் உறங்கிய பத்துத் தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். துப்புரவாக்கலைத் தொழில்நுட்பமாக மட்டும் காணும் அறிக்கைகள் அதுவும் கூலியுழைப்பென்பதை மறந்துவிடுகின்றன. 2025 ஜனவரி 30 இல் அதே நீதிமன்றம் பாலாறு பற்றி மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீட்டை அரசு வழங்கி மாசுபடுத்தியோரிடம் அறவிடுமாறு பணித்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்குமிடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் உண்டு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது. கிணற்றுக்கு உரிமையாளர் உளர். அவர்க்கு உறுதியும் உண்டு. லயத்துப் பீலிக்கு உறுதி ஏது?

சப்ரகமுவத்தின் தனிச்சிக்கல் இதுவே. 1970களில் அரசுடைமையான பெருந்தோட்டங்கள் 1992 முதல் குத்தகையடிப்படையிற் பிராந்தியக் கம்பனிகளின் கையிலுள்ளன. நிலம் அரசினது, ஆலையும் இலாபமும் குத்தகையாளரது, நீர் குடிப்போர் இரண்டுக்கும் உரியவரல்லர். கம்பனி கைமாறினால் ஓடைப்படிவின் பொறுப்பு எவரது என்பதை முன்னரே எழுதிவைக்காவிடின் இராணிப்பேட்டை நிலையே இங்கும் நேரும். ஆதலால் குத்தகை புதுப்பிக்கப்படுமுன் ஓடைநீரும் படிவும் பரிசோதிக்கப்படல் வேண்டும். பெறுபேறு லயத்து மக்களுக்குத் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். துப்புரவுச் செலவுக்கான வைப்புப்பணத்தைக் கம்பனி முற்கூட்டியே கட்டல் வேண்டும். இக்கோரிக்கைகளைச் சம்பளக் கோரிக்கையோடு ஒரே பட்டியலிற் சேர்க்கத் தொழிற்சங்கங்கள் தயங்குவதற்கு நியாயமெதுவும் நமக்குப் புலப்படவில்லை.