துன்பம் தந்த தகுதி

மனநோயால் வருந்துவோர்க்கு மருத்துவர் உண்டு, குருக்கள் உண்டு, உற்றார் உறவினர் உண்டு. ஆயினும், "இந்த இருளின் வழியே நானும் நடந்து வந்தவன்" என்று அவர்கள் அருகில் அமர்ந்து சொல்லத்தக்கவர் எத்தனை பேர்? நோயுற்று, மருத்துவம் பெற்று, நலம் கண்ட ஒருவர், முறையான பயிற்சிக்குப் பின் அவ்வாறே வருந்தும் மற்றொருவர்க்குத் துணைநிற்கும் பணி இன்று பல நாடுகளில் வேரூன்றி வருகிறது. அவர்களைத் தோழமைப் பணியாளர் என்று இங்கே அழைப்போம்.

இது புதுமையான பணியன்று. நம் புதுவையோடு நெடுங்காலத் தொடர்புடைய பிரான்சு நாட்டிலேயே அதன் வேரைக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பாரிசு நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பகுதியைக் கண்காணித்தவர் ழான் பத்தீஸ்த் புசேன். அவரே முன்னர் அங்குக் கண்டமாலை நோய்க்கு மருத்துவம் பெற்றவர். நலமடைந்த நோயாளரையே அவர் பணியாட்களாக அமர்த்தினார். அடிபட்டவர்கள் பிறரை அடிக்கத் தயங்குவார்கள் அல்லவா? 1793-இல் அங்கு வந்த மருத்துவர் பிலிப் பினேல் இம்முறையைப் போற்றினார். 1797-இல் நோயாளரின் இரும்புச் சங்கிலிகளை அகற்றியவரும் புசேனே. புகழ் மட்டும் பெரும்பாலும் பினேலைச் சென்றடைந்தது! அதே பிரான்சில் 2012-ஆம் ஆண்டு முதல் தோழமைப் பணியாளர்க்குப் பயிற்சி அளித்து, மனநல நிலையங்களில் ஊதியத்துடன் பணியமர்த்தும் திட்டம் தொடங்கியது.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு முன்னோடி உண்டு. மார்ச் 8-ஆம் நாள் நாம் விழா எடுக்கும் புனித இறை யோவான், கிரனாடா நகரில் புத்தகம் விற்றவர். ஒரு மறையுரை கேட்டு உள்ளம் உடைந்து தெருவில் புலம்பித் திரிந்தவரைப் பித்தர் என்று கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தனர். அன்றைய மருத்துவம் அதுவே. வெளியே வந்தவர், தாம் பட்டதைப் பிறர் படலாகாது என்று நோயாளர்க்கு இல்லம் அமைத்தார்.

சங்கிலி என்பது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், நம் அண்டை மாநிலமாகிய தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, கட்டப்பட்டிருந்த நோயாளர் 28 பேர் ஓட இயலாது மாண்டனர்.

பயிற்சியில் கற்பிப்பது என்ன? முதலாவது, கேட்டல். குருமடத்தில் நமக்கும் இதைக் கற்பித்தனர். ஆயினும் அறிவுரை கூறாமல் கேட்பது குருக்களுக்கு எளிதில் வருவதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்! அடுத்து, தம் கதையைச் சொல்லும் பக்குவம். எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும், அது கேட்பவர்க்குப் பயன்படுமா, தமக்கே ஆறுதல் தேடுவதா என்று நிதானித்தறிய வேண்டும். பின்பு, மறைவு காத்தல். பாவசங்கீர்த்தன இரகசியம் போன்றதன்று இது. ஒருவர் உயிரை மாய்க்கக் கருதுவதாகத் தெரிந்தால், உடனே மருத்துவக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். மருந்தை நிறுத்து என்றோ மாற்று என்றோ கூறும் உரிமை தோழமைப் பணியாளர்க்கு இல்லை. தம் மருந்தையும் உறக்கத்தையும் பேணுவதும் பாடத்தில் அடங்கும்.

நம் நாட்டில் குஜராத் மாநில அரசு மனநல நிலையங்களில் 2014 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகளைத் தழுவி இத்தகைய தொண்டர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். குடும்பத்தினர்க்கும் தனிக்குழுக்கள் அமைந்தன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மறுஆய்வு வாரியங்களில் நோயை அனுபவித்தவர்களும் பராமரிப்பவர்களும் உறுப்பினராக இடமளிக்கிறது. அவர்களை இனி வெறும் "கேஸ்" என்று ஒதுக்க இயலாது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நலமடைந்த மகன் இப்பயிற்சிக்குச் செல்ல விரும்பினால், தாய் முதலில் கேட்பது, "உன் தங்கைக்கு வரன் வருமா?" என்பதே. அந்த அச்சம் பொய்யன்று. அதை ஏளனம் செய்வது நியாயமுமன்று. ஆனால் மறைப்பதற்கு நாம் கொடுக்கும் விலையையும் எண்ண வேண்டும். 2015-இல் இந்தியா முழுவதிலும் இலட்சத்துக்கு 10.6 என்றிருந்த தற்கொலை விகிதம், புதுவையில் 43.2 ஆக, நாட்டிலேயே மிக உயர்ந்து நின்றது. ஆதலால் தன் கதையை யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அம்மகனே முடிவு செய்யட்டும். குடும்பத்தார் அவனை வற்புறுத்தவும் வேண்டா, வாய்மூடச் செய்யவும் வேண்டா.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைத் "தொண்டு" என்று கூறிக் கூலியின்றி வேலை வாங்குவதை நாம் ஏற்கவில்லை. பிறர் துயரை நாள்தோறும் சுமப்பவர்க்கு ஊதியமும், சாய்ந்துகொள்ள மேற்பார்வையாளரும் வேண்டும்.

பங்கு அளவில் சிறிதாகத் தொடங்கலாம். மாதம் ஒருமுறை பங்கு மன்றத்தில் நோயாளரின் குடும்பத்தினர் மட்டும் கூடிப் பேசட்டும். மனநல மருத்துவர் ஒருவரை இரண்டாம் கூட்டத்துக்கு அழைக்கலாம். முதற்கூட்டத்தில் அவர்களே பேசட்டும். அதுவரை காத்திருக்க இயலாதவர்கள் ஜிப்மர் மனநலத் துறையை நாடலாம். 14416 என்னும் கட்டணமற்ற அரசுத் தொலைபேசியில் இரவிலும் பகலிலும் தமிழில் பேசலாம்.