வயிறு நிறைஞ்சா அடம் பிடிக்குதா உங்க கார்?

பெட்ரோல் தீர்ந்து கார் நின்றால் நியாயம். பெட்ரோல் போட்ட பிறகு நின்றால்?

எதிர் வீட்டு ஸாரின் கார் அந்த ரகம். தினமும் காலையில் சமர்த்தாகக் கிளம்பும். பங்க்கில் டேங்க்கை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால் மட்டும், மூக்கு முட்ட விருந்து சாப்பிட்ட புது மாப்பிள்ளை மாதிரி எழுந்திருக்கவே எழுந்திருக்காது! பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்களின் அர்ச்சனை தனி.

ஒரு மெக்கானிக் ஸ்பார்க் ப்ளக்கை மாற்றினார். இன்னொருவர், "பெட்ரோல் பம்ப் அவுட் ஸார், மாத்திடலாம்" என்று பல ஆயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார். பம்ப் அவுட் என்றால் டேங்க் பாதி இருக்கும்போதும் மக்கர் பண்ண வேண்டாமோ? எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் வண்டியை ஓட்டிப் போனோம். பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்.

"பெட்ரோல் போட்டதும் மட்டும்தானே? ஆக்ஸிலேட்டரை மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணினா எடுக்குதா?"

"ஆமாண்ணே!"

"அப்ப பம்ப் மேல பழி போடாதீங்க. பர்ஜ் வால்வைப் பார்ப்போம்."

விஷயம் இதுதான். டேங்க்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை வெளியே விடக் கூடாது. லாஸ் ஏஞ்சலீஸை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்கு பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையும் வெயிலில் சேர்வதுதான் காரணம் என்று 1950-களில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு வந்ததுதான் கேனிஸ்டர். உள்ளே ஆக்டிவேட்டட் கார்பன் (அடுப்புக்கரிக்குப் படித்த தம்பி!). ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் சூடானதும் பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்கே எரிக்கக் கொடுக்கும்.

வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால்? டேங்க் நிரம்பும்போது கிளம்புகிற ஆவியெல்லாம் நேராக இன்ஜினுக்குப் போய்விடும். பெட்ரோல் ஜாஸ்தி, காற்று கம்மி. ஸ்டார்ட் ஆகாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் காற்று அதிகம் போகும், அதனால் எடுக்கிறது.

அண்ணன் செய்த டெஸ்டுக்கு மெஷின் கிடையாது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்கில் விட்டார். கேனிஸ்டரிலிருந்து வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்தார். அந்த நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். இதுவோ விரலை 'சர்'ரென்று இழுத்தது. வயர் கனெக்டரைப் பிடுங்கினார். அப்போதும் இழுத்தது. கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை, வால்வுதான் சிக்கியிருக்கிறது! புது வால்வு போட்டதும் சரியாகிவிட்டது. செலவு, பம்ப் எஸ்டிமேட்டின் பக்கத்தில்கூட வரவில்லை.

வால்வு ஏன் சிக்குகிறது? கேனிஸ்டர் கரி உடைந்து, தூள் வந்து அடைப்பது ஒரு காரணம். நாம் கூப்பிட்டு வரவழைக்கும் வினையும் உண்டு. நாஸில் 'டக்'கென்று தானே நின்ற பிறகும், "ரவுண்டா போட்டுடட்டுமா ஸார்?" என்பார் பங்க் பையன். நாமும் தலையாட்டுவோம். மேலே மேலே அமுக்கினால் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்க் கரியை நனைத்துவிடும். கேனிஸ்டர், வால்வைவிட விலை அதிகம்.

வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் இந்த விரல் வைத்தியமெல்லாம் வேண்டாம். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் ஹோஸ் எங்காவது கசியலாம். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஓட்டாமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.