ருத்ரா என்னும் பேரோசைக் குழு

காமன் கூத்து நடைபெறும் மாசி மாத இரவுகளில், பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் தப்பின் முழக்கத்தை அருகே நின்று கேட்டவர்கள், இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே வரம்பு கட்டுவது எளிதன்று என்பதை உணர்ந்திருப்பார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும் கட்டத்தில் எழும் அடி, வழிப்போக்கனுக்கு வெறும் சத்தம். விரதமிருந்து கூத்தை நடத்துபவனுக்கோ அது தெய்வத்தின் சினம். அந்தச் சினம் கொண்ட கோலத்துக்கு முன்னோர் இட்ட பெயர் உருத்திரன். அதே பெயரைத் தாங்கிச் சிங்கப்பூரில் ஓர் இசைக் குழு 1992ஆம் ஆண்டில் தோன்றியது. அக்குழுவினர் கையிலெடுத்தது நாதஸ்வரமும் அன்று, மிருதங்கமும் அன்று. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் பிறந்து, கேட்போர் செவியைப் பொத்தும் அளவுக்குக் கடுமையுற்ற மெற்றல் இசையை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள்.

அவ்விசை பிறந்த கதையை முதலில் சிறிது சொல்லவேண்டும். பேர்மிங்ஹாம் நகரில் தகட்டு ஆலையொன்றில் வேலை செய்த டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞன், 1965இல், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். இடக்கைப் பழக்கமுடைய அவன் கிற்றாரின் தந்தியை அழுத்துவதற்குப் பயன்படுத்திய கை அதுவே. வாசிப்பு இனி இயலாது என்று மருத்துவர்கள் கூறினர். அவனோ பிளாஸ்டிக் போத்தலொன்றை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடியும் வாசிக்கலானான். காயம்பட்ட விரலுக்கு நோகாதிருக்க மெல்லிய தந்திகளை நாடினான். பின்னர் அவற்றைத் தளர்த்தியும் கட்டினான். தப்பை நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கினால் ஓசை உயர்வதை அறிந்த தோட்ட மக்களுக்கு, தந்தியைத் தளர்த்தினால் ஓசை தாழ்ந்து கனக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1970இல் அவன் சேர்ந்திருந்த பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. கனத்த உலோகம் எனப் பொருள்படும் ஹெவி மெற்றல் இசைக்குப் பலர் தொடக்கமாகக் காட்டுவது அந்தத் தட்டையே.

அந்தக் கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்ப்ளிபயருக்கு அது தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஊட்டினால், ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையில் மூல சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் பலவும் புதிதாய்ச் சேர்ந்து ஒலிக்கும். கரகரப்பு என்று நாம் கூறுவது இதனையே. பொறியியலாளன் குறையென்று ஒதுக்கியதை இவ்விசைஞன் வேண்டுமென்றே தேடிப் பெறுகிறான்.

பின்வந்தோர் இதனை மேலும் கடுமையாக்கினார்கள். பேர்மிங்ஹாமுக்கு அண்மையிலுள்ள மெரிடன் என்னும் சிற்றூரில் 1981இல் தோன்றிய நேபாம் டெத் குழு, 1987இல் 'ஸ்கம்' என்ற தட்டை வெளியிட்டது. அதில் 28 உருப்படிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஒரு செக்கனுக்குச் சற்றே மேல் ஒலித்து முடிந்துவிடும். கின்னஸ் நூலில் இடம்பெற்ற பாட்டு அது. முரசு வாசிப்பவன் இரு கைகளாலும் காலாலும் தனித்தனி அடி பிரிக்கவியலாத விரைவில் அடிக்க, பாடகன் தொண்டையின் அடியிலிருந்து உறுமுவான். அவ்வுறுமலில் பன்னாட்டுக் கம்பனிகளின் பேராசையும் போரின் கொடுமையும் சாடப்பட்டன. ஆலைகள் மூடப்பட்டு வேலையற்றோர் பெருகிய காலத்து இங்கிலாந்தில், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இவ்விசையிலே தம் கோபத்தை வெளியிட்டனர் என்பதை மறத்தலாகாது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட ஏழை மக்களுள் ஒரு சாரார் இராமேஸ்வரம் வழியே இலங்கைக்கு வந்து, ஊவாவிலும் கண்டியிலும் கோப்பிக்காடு வெட்டினர். மற்றொரு சாரார் கப்பலேறி மலாயாவுக்குச் சென்றனர். இரண்டு இடத்துக்கும் ஆள் சேர்த்தவன் கங்காணியே. உழைக்கப் போனவர்களோடு எழுத்தர்களும் வணிகர்களும் ஆசிரியர்களும் அப்பக்கம் சென்று தங்கினர். அங்கே வேரூன்றிய தென்னிந்தியச் சமூகத்திலிருந்து, பிரித்தானிய அமெரிக்க மெற்றல் ஒலிநாடாக்களைக் கேட்டு வளர்ந்த இளைஞர் சிலர் 1992இல் ஒன்றுகூடினர். கதிர் என அழைக்கப்படும் கதிரேசன் பேஸ் கிற்றார் வாசித்துக் குரலும் கொடுத்தார். சிவா முரசு வாசித்தார். 1996இல் ஒரு முறை கலைந்து, மீண்டும் கூடிய பின்னர், 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இறுவட்டு வெளிவந்தது.

மேலைநாட்டு மெற்றல் குழுக்கள் பல பேயையும் பிணத்தையும் பாடின. சிங்கப்பூர் இளைஞர்களும் அதே சரக்கை விற்றிருக்கலாம், வாங்குவாரும் இருந்திருப்பர். கதிரோ வேதாந்தத்தை முறையாகக் கற்றவர். மந்திர ஓதலையும் இந்திய இசையின் சுரப்போக்குகளையும் அந்தக் கடுமையான வாத்திய ஒலியினுள்ளே புகுத்தி, உபநிடதக் கருத்துகளைப் பாட்டாக்கினார்கள். வேத மெற்றல் என்ற பெயர் இவர்களை ஒட்டியே வழக்குக்கு வந்தது. 2001இல் வந்த இரண்டாவது தட்டின் தலைப்பில் 'ஆரிய' என்ற சொல் இருந்தது. மேன்மையுடையது என்னும் பழம் வடமொழிப் பொருளிலேயே அவர்கள் அதனை எடுத்தாண்டனர். எனினும் ஹிட்லரின் கொடுமையை அறிந்த ஐரோப்பியர் செவியிலும், தமிழ்நாட்டு அரசியலை அறிந்த தமிழர் செவியிலும் அச்சொல் வேறு விதமாக விழும். அந்தத் தேர்வு நல்லதன்று என்றே சொல்லவேண்டும்.

2003இல் வெளியான 'குருக்ஷேத்ரா' பகவத் கீதையை அடியாகக் கொண்டது. நம் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடுகையில், பாசுபதம் வேண்டி அருச்சுனன் உயர்ந்த மரத்தின் மேலேறிப் பாடுவான். கீழே ஊரே அண்ணாந்து நிற்கும். அந்த அருச்சுனனே வில் நழுவ நிற்கும் போர்க்களத்தை, சிங்கப்பூர்க் குழுவினர் மின்கிற்றாரில் எழுப்பிக் காட்டினர். போரின் அமளிக்கு இவ்வாத்தியங்கள் பொருந்துவதில் வியப்பில்லை. அரிய காரியம் அதற்குப் பின்னரே தொடங்கிற்று. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற பொதுப்பெயரில் மூன்று தட்டுகள் வந்தன. மூன்றின் தலைப்பிலும் 'நான்' என்ற சொல் நிற்கிறது: ஆதியான நான், கடந்து நிற்கும் நான், அழியாத நான். அகந்தையை ஒழித்து அறியவேண்டியதை இத்துணை ஆரவாரத்தோடு கூறலாமா என்று கேட்பவர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் உருத்திரனைப் போற்றும் ஸ்ரீ ருத்ரம், அவன் சினத்துக்கு வணக்கம் கூறியே தொடங்குகிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். இதன் பின் 2013இலும் 2016இலும் இரு தட்டுகள் வந்தன. மகாவித்யைகள் எனப்படும் தேவியரைப் பொருளாகக் கொண்ட தட்டு 2022இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் ஒரே நோக்கில் நிற்பது எவ்வகை இசைக்குழுவுக்கும் எளிய செயலன்று.

குறையும் உண்டு. உறுமும் குரலில் சொற்கள் விளங்குவதில்லை. வரிகளை அச்சிற் பார்த்தாலன்றிப் பொருள் எட்டாது. கூத்துப் பாட்டில் ஒரு சொல் தவறினாலும் திருத்திவிடும் தோட்டத்து முதியோருக்கு இது பெருங்குறையாகவே தோன்றும். சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இக்குழுவை முன்வைத்து, அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளம் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தமது மரபு எது, அதனை எந்த வாத்தியத்தில் வாசிக்க உரிமையுண்டு என்னும் வினா கடல் கடந்த தமிழர் எல்லோருக்கும் உரியது.

ஊவாவில் அந்த வினா தப்பின் வடிவில் நிற்கிறது. முற்காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு மக்களை எழுப்பியது தப்பு. திருவிழாவை நடத்தியது தப்பு. பிணத்தைச் சுடுகாடு வரை கொண்டுசென்றதும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. லயத்தினுள் இருந்தபடியே, வெளியே என்ன நிகழ்கிறதென்று அடியைக் கேட்டு அறிந்துகொள்வர். நீண்ட மெல்லிய குச்சி ஒரு கையிலும் குட்டையான தடித்த குச்சி மறு கையிலுமாகப் பின்னி அடிக்கும் அந்த விரைவைக் கேட்டவர்கள், நேபாம் டெத் முரசுக்காரனின் விரைவைக் கண்டு மலைக்கமாட்டார்கள். ஆனால் தப்படிக்கும் வேலை ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்டது. அடித்தவனுக்குக் கூலியோடு இழிசொல்லும் கிடைத்தது. தந்தை அடித்த கருவியை மகன் தொட மறுத்தானென்றால், அவனைக் குறை கூற எவருக்கும் வாயில்லை. அவன் உதறியது அவமதிப்பை. அதனோடு சேர்ந்து தாளக்கட்டுகளும் போயின. உபநிடதத்தை மின்கிற்றாரில் வாசித்தவனுக்கு அறிஞர் சபையில் ஆய்வுரை கிடைத்தது. தப்பைக் கையிலெடுப்பவனோ, முதலில் தான் எந்த வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில் சாதி பாராது இளைஞரும் யுவதிகளும் தப்பை மேடையேற்றி வருகின்றனர். சாவு வீட்டு அடியையும் விடாமல் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். முதியவர்கள் பலர் மறைந்துவிட்டனர்.

ருத்ராவைக் கேட்க விரும்பும் நேயர்கள் 'குருக்ஷேத்ரா'விலிருந்து தொடங்குவது நன்று; கதை முன்பே தெரிந்திருப்பதால் வழி தவறாது. முதன்முறை சொற்களைத் தேடாமல் முரசை மட்டும் பின்தொடர்க. இரண்டாம் முறை கிற்றாரின் கீழ்த்தாயியைக் கவனிக்க. மந்திர ஓதல் எழும் இடங்கள் தாமே புலப்படும். மூன்றாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். லயத்துச் சுவர்கள் மெல்லியவை. அடுத்த காம்பிராவில் இரவு முழுதும் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கக்கூடும். ஆகையால் பகலிலே கேட்பது நலம்.