எந்த மண்ணில் உறங்கினால் என்ன?

நவம்பர் மாதம் பிறந்ததும் யேர்மனியின் சேமக்காலைகளில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். நவம்பர் 1ஆம் திகதி சகல புனிதர்களின் திருநாள். மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள். கத்தோலிக்கர் கூடுதலாக வாழும் ஊர்களில் குடும்பம் குடும்பமாக வந்து, கல்லறையைத் துப்புரவாக்கி, பூ வைத்து, விளக்கேற்றிச் செபிப்பார்கள். புரட்டஸ்தாந்து சபையாருக்கு அதேபோன்ற நாள் திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறு. 1816ஆம் ஆண்டு பிரஷிய மன்னர் அதனை ஏற்படுத்தினார். புதிதாக வந்த எம்மவர்கள் இதைப் பார்த்து, "இவர்களுக்கும் திவசம் இருக்கிறதோ?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

இந்தக் கேள்வி இப்போது எங்கள் வீடுகளுக்கும் வந்துவிட்டது. தொழிற்சாலையில் இடைவேளைக்கு நாம் நாலு தமிழர் கூடினால், வயதுபோன தாய் தகப்பனைப் பற்றிய கதை வராமல் இருப்பதில்லை. "கண்ணை மூடினால் என்னை ஊரிலை கொண்டுபோய் அடக்கம் செய்யுங்கோ பிள்ளையள்" என்கிறார்கள் அவர்கள். ஓர் உடலை விமானத்தில் அனுப்பப் பல ஆயிரம் யூரோ வேண்டும். கடன்பட்டும் அனுப்புகிறோம். மறுபுறத்தில், அகதி வழக்கு முடியாத காரணத்தால் பெற்ற தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் இங்கிருந்தே அழுதவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: தூரம் எங்களையும் எங்கள் இறந்தவர்களையும் பிரித்துவிடுமா?

கிறிஸ்தவம் சொல்வது

மனிதனுக்கு ஒரே பிறவி, ஒரே மரணம். இறந்தவுடன் ஆத்துமா இறைவன் முன் தனித்தீர்வை பெறுகிறது என்பது கத்தோலிக்க விசுவாசம். மோட்சம், நரகம் என்பவற்றோடு உத்தரிக்கும் ஸ்தலத்தையும் கத்தோலிக்கர் நம்புகிறார்கள். இறைவனின் நட்பில் இறந்தும் இன்னும் முற்றாகத் தூய்மை அடையாதவர்கள் அங்கே தூய்மை பெறுகிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் பூசையும் செபமும் தருமமும் அவர்களுக்கு உதவும். புரட்டஸ்தாந்து சபைகள் உத்தரிக்கும் ஸ்தலத்தை ஏற்பதில்லை. இறந்தவரை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்துவிடுகின்றன.

ஆனால் இரு பகுதியாரும் சேர்ந்து அறிக்கையிடும் ஒன்று உண்டு. அது சரீர உத்தானம். உலக முடிவில் கிறிஸ்து வரும்போது மரித்தவர்கள் உயிர்த்தெழுவார்கள். எமது சைவ நண்பர்கள் நம்பும் மறுபிறப்பு வேறு, இது வேறு. இங்கே ஆத்துமா இன்னொரு உடலில் பிறப்பதில்லை. அதே மனிதன் அழியாத உடலோடு எழுகிறான்.

அப்படியானால் கடலில் போனவர்கள்? எரிந்து போனவர்கள்? கல்லறையே இல்லாமல் போனவர்கள்? எங்களில் எத்தனை குடும்பங்களுக்கு இது வெறும் கேள்வி அல்ல! உடல் என்ன ஆனாலும் உயிர்ப்புக்கு அது தடையல்ல என்பதே திருச்சபையின் பதில். 1963இல் கத்தோலிக்கருக்கு உடலை எரிக்கவும் அனுமதி வந்தது. சாம்பலைத் தூவாமல், வீட்டில் வைக்காமல், சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016இல் வத்திக்கான் விளக்கம் கொடுத்தது.

கடல் கடந்து இறந்த தாய்

இதையெல்லாம் எங்களுக்கு எளிதாக விளக்குபவர் புனித மோனிக்கா அம்மாள். வட ஆபிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஊரைச் சேர்ந்தவர். புனித அகுஸ்தீனாரின் தாய். ஊரிலே கணவனின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். 387ஆம் ஆண்டு ஊர் திரும்புவதற்காக றோமாபுரிக்கு அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் மகனோடு தங்கியிருந்தபோது காய்ச்சல் கண்டது. அப்போது அவருக்கு வயது 56.

அந்நிய மண்ணில் சாகாமல் ஊரிலே செத்தால் நல்லது என்று மற்ற மகன் சொன்னார். தாய்க்கு அது பிடிக்கவில்லை. இந்த உடலை எங்கேயாவது அடக்கம் செய்யுங்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள், பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உடலைத் தூர தேசத்தில் விட்டுப்போகப் பயமில்லையா என்று முன்னர் ஒருமுறை கேட்டவர்களுக்கு, இறைவனுக்கு எதுவும் தூரமில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவதென்று அவருக்குத் தெரியும் என்றாராம். அகுஸ்தீனாரே இதை எழுதி வைத்திருக்கிறார். ஒஸ்தியாவிலேயே அவரை அடக்கினார்கள். 1945இல் அவருடைய கல்லறைக் கல்லின் ஒரு துண்டு அங்கே மண்ணுக்குள் இருந்து கிடைத்தது.

பின்னாளில் ஆயரான அகுஸ்தீனார், இறந்தவர்களுக்குச் செய்யவேண்டியவை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். நல்ல கல்லறையும் பெரிய மரணச் சடங்கும் இருப்பவர்களுக்கு ஆறுதல். இறந்தவர்களுக்கு உதவுவது பூசையும் செபமும் தருமமும் என்பது அதன் சாரம். அடக்கத்தை மரியாதையாகச் செய்வதையும் அவர் தள்ளிவிடவில்லை. அது அன்பின் கடமை.

நாம் செய்யக்கூடியவை

ஊர் மண்ணில் கிடக்க ஆசைப்படுவது பாவமில்லை. வசதி இருந்தால் நிறைவேற்றுங்கள். முடியாவிட்டால், தாய்க்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று வாழ்நாள் முழுவதும் வருந்தத் தேவையில்லை.

இங்கே அடக்கம் செய்வதானால் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். யேர்மனியில் கல்லறை நிலம் பெரும்பாலும் குறித்த காலத்துக்கு மட்டுமே கிடைக்கும். இடத்துக்கு இடம் 15 முதல் 30 வருடம் வரை வேறுபடும். அதன்பின் சில கல்லறைகளைப் பணம் கட்டி நீடிக்கலாம், சிலவற்றை நீடிக்க முடியாது. எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் சுகமாக இருக்கும்போதே அவர்களின் விருப்பத்தைக் கேளுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போட்டால், அழுகைக்கு நடுவே சகோதரங்களுக்குள் சண்டைதான் மிஞ்சும். வேலைத்தலத்தில் யேர்மன்காரர் ஒருவரின் வீட்டில் சாவு என்றால், அனுதாபக் கார்ட்டில் நாமும் கையெழுத்து வைப்போம்.

ஊர்ச் செத்தவீட்டுக்குப் போக முடியாதவர்கள் 31ஆம் நாள் பூசையை இங்கேயே ஒப்புக்கொடுக்கலாம். நவம்பரில் பெயரைக் கொடுத்து நினைவுகூரலாம். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி, அப்பப்பாவின், அம்மம்மாவின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் காணாத சேமக்காலை ஊரில் இருக்கட்டும். பெயராவது அவர்களின் வாயில் இருக்கட்டும்.