அருவருப்பும் ஆரோக்கியமும்

இந்தக் கட்டுரையை உணவு வேளையில் வாசிக்க வேண்டாமென்று நேயர்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். இங்கே சொல்லப் புகுவது ஓர் ஔஷதத்தைப் பற்றி. அந்த ஔஷதமோ மனித மலம்! முகம் சுளிப்பது இயற்கையே. ஆயினும், பஞ்சகவ்வியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கொள்ளும் வழக்கமுள்ள நமக்கு, இந்த விருத்தாந்தத்தைக் கேட்கும் பொறுமை சற்று அதிகமாகவே இருக்குமென்று நம்புகிறேன்.

நமது பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நல்ல குடித்தனக்காரர்கள். நம்மால் ஜீரணிக்க இயலாத நாரைப் பக்குவம் செய்வதோடு, அந்நியக் கிருமிகள் வேரூன்ற இடங்கொடாமலும் காக்கின்றன. வேறு ஏதோ நோய்க்காக ஆண்டிபயாடிக் மருந்து கொடுக்கிறார்கள். நோய்க் கிருமியோடு இந்தச் சாதுக்களும் மாண்டு போகின்றன. காலியான வீட்டில் திருடன் புகுவதற்குக் கேட்க வேண்டுமா?

அவ்வாறு புகும் திருடனுக்கு 'கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்று பெயர். 1935-ஆம் ஆண்டில் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் இதை முதன்முதலாகக் கண்டவர்கள், ஆய்வுச்சாலையில் வளர்ப்பது மிகக் கடினமாயிருந்தபடியால், 'கடினமானது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே பெயராகச் சூட்டினார்கள். அப்பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது 1978-ல்தான் விளங்கிற்று. ஆண்டிபயாடிக்குக்குப் பின் வரும் கொடிய வயிற்றுப்போக்குக்கும் குடல் ரணத்துக்கும் இதன் விஷமே காரணமென்று அப்போது கண்டறிந்தார்கள். வான்கோமைசின் என்னும் மருந்து இதைக் கொல்லும். ஆனால், விதை போன்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வித்துக்களை அம்மருந்து தீண்டாது. ஸ்பிரிட் கலந்த கைத்திரவமும் தீண்டாது. நோயாளிக்குப் பணிவிடை செய்பவர்கள் சோப்பும் நீரும் கொண்டே கை கழுவ வேண்டும். மருந்தை நிறுத்தியதும் வித்துக்கள் முளைக்கின்றன; வியாதி திரும்புகிறது. ஒரு முறை திரும்பியவருக்கு மறுமுறை திரும்பும் அபாயமும் ஏறிக்கொண்டே போகிறது. வயோதிகர்கள் உடல் வற்றி, வீட்டை விட்டு வெளியேறவும் அஞ்சி, சில சமயம் உயிரையே இழக்கிறார்கள்.

போன குடித்தனக்காரர்களைத் திரும்ப அழைத்து வந்தாலென்ன? 1958-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டென்வர் நகரத்தில், பென் ஐஸ்மன் என்ற ரணசிகிச்சை நிபுணரும் அவரது சகாக்களும் இவ்வாறே யோசித்தார்கள். கடும் குடல் அழற்சியால் தவித்த நால்வருக்கு, ஆரோக்கியமுள்ளவர்களின் மலத்தைக் கரைத்து எனிமாவாகச் செலுத்தினார்கள், நால்வரும் பிழைத்தார்கள். இதற்கும் முன்னோடி உண்டு. நாலாம் நூற்றாண்டிலேயே சீன வைத்தியர் கே ஹோங் கடும் வயிற்றுப்போக்குக்கு இத்தகைய முறையை எழுதி வைத்திருக்கிறார்.

இருந்தாலும், வைத்திய உலகம் நெடுங்காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டே நின்றது. அதன் கையை மூக்கினின்று எடுக்கச் செய்தது, ஆலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகர டாக்டர்கள் 2013-ல் வெளியிட்ட பரிசோதனை. வியாதி திரும்பத் திரும்ப வந்தவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சில நாள் வான்கோமைசின் கொடுத்து, குடலைக் கழுவி, தானம் பெற்ற மலத்தை உப்பு நீரில் கரைத்து வடிகட்டி, மூக்கு வழியே சிறுகுடல் வரை செல்லும் மெல்லிய குழாயில் செலுத்தினார்கள். அவர்கள் 16 பேர். ஒரே தடவையில் 13 பேர் குணமடைந்தார்கள். எஞ்சிய மூவருக்கு வேறொருவரின் தானத்தை அளித்ததில் இருவர் தேறினார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் நால்வரே. அதனுடன் குடலும் கழுவப்பெற்ற 13 பேரில் மூவரே! நடுவில் கணக்குப் பார்த்தவர்கள் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பலனளிக்கும் சிகிச்சை கண்ணெதிரே இருக்கையில், மற்றவர்களுக்கு அதை மறுப்பது நியாயமாகாதல்லவா?

எத்தனையோ தானங்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தத் தானம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால், எல்லோரும் தாதாவாகிவிட முடியாது. கேள்விகளுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் பிறகு தேறுகிறவர் மிகச் சிலரே. இந்தக் கண்டிப்பு வீண் ஆடம்பரமன்று. வேறு நோய்களுக்காகப் பரீட்சார்த்தமாக இச்சிகிச்சை பெற்ற, எதிர்ப்புச் சக்தி குன்றிய இருவருக்கு, தானம் கொடுத்தவரின் மலத்திலிருந்த, மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றியது. ஒருவர் இறந்து போனார். அந்தக் கிருமி உண்டா என்று அம்மலத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. 2019-ல் அமெரிக்க ஸர்க்கார் இதைப் பகிரங்கப்படுத்தி, அப்பரிசோதனையைக் கட்டாயமாக்கிற்று. வீட்டிலேயே உறவினரின் உதவியால் இதைச் செய்து பார்க்கத் துணிகிறவர்கள் அந்த மரணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண வயிற்றுப்போக்குக்கும் இது மருந்தல்ல.

2022-ல் பிரிட்டனின் வைத்திய ஆலோசனை ஸ்தாபனம், இவ்வியாதி ஏற்கெனவே இரண்டு முறைக்குக் குறையாமல் வந்த பெரியவர்களுக்கு இதைச் சிபார்சு செய்தது. அவ்வருஷமே அமெரிக்காவில் எனிமா ரூபத்தில் ஒரு மருந்து அங்கீகாரம் பெற்றது. 2023-ல் குளிகையும் வந்துவிட்டது. மலத்திலுள்ள நல்ல கிருமிகளின் வித்துக்களை மட்டும் பிரித்தெடுத்துச் சுத்தி செய்து அடைத்தது அது. வான்கோமைசின் முதலியவற்றால் வியாதியை அடக்கிய பிறகு, நாளொன்றுக்கு நான்கு வீதம் மூன்று நாள் விழுங்கினால் போதும். மூக்கில் குழாய் செருக வேண்டியதில்லை.