அண்ணன் வீட்டுக் கூரை, எங்கள் வீட்டுக் கால்வாய்

பக்கத்து வீட்டுக்காரரை நாங்கள் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். 22 ஆண்டு பழக்கம். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு அந்தப் பக்கம் போகும்; பொங்கலுக்குக் கரும்பு இந்தப் பக்கம் வரும். என் அப்பா இறந்த அன்று கூடாரம் கட்டவும் நாற்காலி அடுக்கவும் முதலில் வந்து நின்றவர் அவர்தான். அந்த மனிதரோடு ஆறு மாதம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம், மழைத் தண்ணீர்.

கிள்ளானில் எங்களுடையது 20க்கு 65 அடி வரிசை வீடு. ஒரே சுவர், இரண்டு குடும்பம். கடந்த ஏப்ரலில் அண்ணன் தம் வீட்டு முன்பக்கம் இரண்டு கார் நிற்கும் அளவுக்குப் புதிய தகரக் கூரை போட்டார். கூரையின் சரிவு எங்கள் வீட்டுப் பக்கம். ஓரத்தில் தண்ணீரைப் பிடித்து இறக்கப் பீலியும் இல்லை, குழாயும் இல்லை. வேலை செய்தவர் அப்படிப் போட்டால்தான் மலிவு என்றாராம்.

நம் நாட்டு மாலை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கூரை ஏறக்குறைய 30 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டினால் 1,800 லிட்டர். பெரிய நீலப் பீப்பாயில் ஒன்பது பீப்பாய். அவ்வளவும் நடுச்சுவரில் விழுந்து, எங்கள் வாசல் ஓடுகளின் மேல் ஓடி, செருப்பு அலமாரியை நனைத்து, கதவு வரை வந்தது.

முதல் தடவை மரியாதையாகத்தான் சொன்னேன். "அண்ணே, தண்ணி எல்லாம் எங்க பக்கம் வருது, கொஞ்சம் பாருங்களேன்." பார்க்கிறேன் என்றார். இரண்டாவது தடவை, காண்ட்ரெக்டர் போனை எடுக்கவில்லை என்றார். மூன்றாவது தடவை எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, மழை வானத்திலேருந்து வருது. என் வீட்டிலேருந்து வரல."

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாமி விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்த அம்மா ஈர ஓட்டில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. 68 வயது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று இரவு நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் காணொளியையும் அம்மாவின் கட்டுப்போட்ட கையையும் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் குழு. பத்து நிமிடத்தில் ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிட்டார்கள். போலீசில் புகார் செய் என்றார் ஒருவர். கிரைண்டரை எடுத்துக் கூரை ஓரத்தை வெட்டிவிடு என்றார் இன்னொருவர். (அப்படி எதையும் செய்துவிடாதீர்கள். தண்ணீர் பிரச்சினையில் நியாயம் நம் பக்கம் இருந்தாலும், அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்தினால் குற்றவாளி நாம்தான்.) மறுநாள் காலை அண்ணன் குழுவை விட்டு வெளியேறியிருந்தார். மருத்துவமனைக்கு அம்மாவைப் பார்க்கப் போக ஹார்லிக்ஸ் வாங்கி வைத்திருந்தாராம். பதிவைப் பார்த்ததும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாக அக்கா பிறகு சொன்னார்.

நான் ஊராட்சி மன்றத்துக்குப் போனேன். போவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போனேன். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் கட்டக்கூடாது. கூரையில் விழும் மழைநீரைப் பீலி, குழாய் வழியாக முறையாக வடியவிட வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள் சொல்கின்றன. கையில் தேதியிட்ட படங்கள், காணொளி, மருத்துவச் சீட்டு. வழக்கு என் பக்கம் என்ற நிமிர்வோடு உட்கார்ந்தேன்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வீட்டில் நீட்டிக் கட்டிய பகுதி ஏதும் உண்டா? வரைபடம் அங்கீகரிக்கப்பட்டதா? புகாரைப் பதிவு செய்தால் வந்து பார்க்கும்போது இரண்டு வீட்டையும்தான் பார்ப்போம் என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாங்கள் குடிவந்த மூன்றாம் ஆண்டு அப்பா சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டினார். பின் சந்துக் கால்வாயின் மேல் 20 அடிக்கும் சிமெண்டுப் பலகை போட்டு மூடி, அங்கேதான் துணி துவைக்கும் இயந்திரத்தை வைத்தோம். வரைபடம், அனுமதி என்று வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். அது சாக்கு இல்லை, தெரிகிறது.

பாரத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தேன். இரண்டு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. கூரையைப் பற்றிப் புகார் செய்தால் அம்மாவின் சமையலறையும் சேர்ந்து போகும். செய்யாவிட்டால் வாசல் நனைந்துகொண்டே இருக்கும்.

வழி காட்டியது அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஒரு தோழி. அவருடைய தாமானில் மாமரக் கிளைத் தகராறு ஒன்றை ருக்குன் தெத்தாங்கா மூலம் தீர்த்தார்களாம். இரவுக் காவலுக்கும் குடும்ப தினத்துக்கும் மட்டுமே என்று நாம் நினைக்கும் அமைப்பு அது. 1975இல் தொடங்கியது. தேசிய ஒற்றுமைத் துறையின் கீழ் பயிற்சி பெற்ற சமூக நடுவர்கள் அதில் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வர மறுத்தால் கூட்டமே நடக்காது. அண்ணன் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார், அக்காவையும் கூட்டிக்கொண்டு.

நடுவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. முதலில் நான் பேசினேன், படங்களைக் காட்டினேன். அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் முறை வந்ததும், தம் கைப்பேசியைத் திறந்து மேசை மேல் தள்ளினார். அவர் வீட்டுச் சமையலறை. கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். எரிவாயுக் கலன் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த படம், அதுவும் அப்படித்தான். வெவ்வேறு ஆண்டுகள்.

பின் சந்துக் கால்வாய் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமாக ஓடுகிறது. அப்பா போட்ட பலகையைத் தூக்க முடியாது. அதனால் அடியில் தூர் வாரியதே இல்லை. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக்கொள்ள, பெருமழையில் தண்ணீர் போக வழியில்லாமல் அவர் வீட்டுக்குள் ஏறுகிறது. கடலில் நீர் ஏற்றமும் மழையும் ஒரே நேரத்தில் வந்தால் கிள்ளானில் தாழ்வான இடங்களில் கால்வாய் எப்படித் ததும்பும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் விடிய விடிய அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

"ஏன் அண்ணே ஒரு தடவைகூட சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்கப்பாகிட்ட ஒரு தடவை சொன்னேன். அப்ப அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருந்தது. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" என்றார். அக்கா மட்டும் விடவில்லை. "நாங்க குரூப்ல போடல, தம்பி" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அக்கா உடனே சமாதானமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். காணொளியைக் குழுவிலிருந்து நீக்கவேண்டும், அதே குழுவில் வருத்தமும் தெரிவிக்கவேண்டும் என்றார். செய்தேன்.

இரண்டாவது கூட்டத்தில் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கூரை ஓரத்தில் பீலி, அதிலிருந்து நான்கு அங்குலக் குழாய் நேராக முன்பக்கக் கால்வாய்க்கு. செலவு அவருடையது, 1,200 வெள்ளி. பின்பக்கப் பலகையை உடைத்துத் தூர் வாரி, தூக்கித் திறக்கும் இரும்புக் கம்பி மூடி போடுவது என் செலவு, 1,850 வெள்ளி. எது எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதவைத்தார் ஆசிரியை. "பார்க்கலாம்" என்ற சொல்லை எழுத அவர் விடவே இல்லை. இதே நிலையில் இருப்பவர்கள் இந்தத் தேதி விஷயத்தை மறந்துவிடாதீர்கள். ஏப்ரலில் எங்களைக் கெடுத்ததே அந்தப் "பார்க்கலாம்" தான்.

பலகையை உடைத்த அன்று 14 அரிசிச் சாக்கு மண் வெளியே வந்தது. எங்கள் வீட்டுக் கரண்டி இரண்டு, அம்மா பல ஆண்டுகளாகத் தேடிய இட்லித் தட்டு ஒன்று, எல்லாம் அதில் இருந்தன. அண்ணனும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாக்குப் பிடித்தார்.

நவம்பரில் முதல் பெருமழை வந்தபோது நான் என் வாசலில் நின்றேன். அவர் தம் வாசலில் நின்றார். குழாய் முழு வேகத்தில் கால்வாயில் கொட்டியது. எங்கள் ஓடு காய்ந்திருந்தது, ஒரு மூலையைத் தவிர.

"அந்த முட்டியில லேசா ஒழுகுது, தம்பி," என்றார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சிலிகான் அடிச்சிடுறேன்."

சமையலறைக்கு முறையான அனுமதி வாங்க வரைபடம் போடக் கொடுத்திருக்கிறேன். அண்ணனும் அதே வரைவாளரிடம்தான் கூரைக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.