சுழல்முறைக் குளிர் உருவாக்கம்

சுழல்முறைக் குளிர் உருவாக்கம் என்பது, உலோகத்தைச் சூடாக்காமலும் சீவி எடுக்காமலும், சுழலும் உருளைகள் அல்லது அச்சுகளால் அழுத்தி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையாகும். 'குளிர்' என்பது இங்கே அறை வெப்பநிலையையே குறிக்கும்.

இம்முறையில் மிகப் பரவலானது மரை உருட்டல். மிதிவண்டியின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை எடுத்து, மரை உள்ள முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். கம்பியைவிட அந்த இடம் சற்றுப் பருத்திருக்கும். டை போட்டு வெட்டிய மரை இப்படிப் பருக்க வழியில்லை. பள்ளத்திலிருந்து ஒதுங்கிய உலோகம்தான் பக்கத்தில் மேடாக எழுந்திருக்கிறது, துளியும் வீணாகவில்லை. 10 மி.மீ. போல்ட்டில் 1.5 மி.மீ. இடைத்தூரம் கொண்ட மரையை வெட்ட 10 மி.மீ. தண்டு வேண்டும். உருட்டுவதற்கு ஏறத்தாழ 9 மி.மீ. தண்டே போதும். மரை வரும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான எஃகு மிச்சமாகிறது.

சிக்கனத்தைவிட வலிமையே பெரிய ஆதாயம். எஃகுத் தண்டின் படிக மணிகள் நீளவாட்டில் இழைபோல் கிடக்கும். வெட்டினால் அந்த இழைகள் அறுபடும். உருட்டினால் மரையின் மேடுபள்ளத்தோடு சேர்ந்து வளையும். ஓயாமல் அதிரும் போல்ட்டில் மயிரிழை விரிசல் பெரும்பாலும் மரைப் பள்ளத்தின் அடியில்தான் தோன்றும். உருட்டும்போது அந்த இடம் வழவழப்பாவதோடு, நெருக்குண்ட நிலையிலேயே தங்கிவிடுவதால் விரிசல் எளிதில் வாய்திறப்பதில்லை. பிறகு சூடேற்றிப் பதப்படுத்தினால் இந்த நெருக்கம் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அதனால்தான் எஞ்சினின் கனெக்டிங் ராடு போல்ட் போன்றவற்றை முதலில் பதப்படுத்திவிட்டு, பின்னர் மரை உருட்டுவதுண்டு.

அதிர்வு என்றால் வாகனம். இந்தப் பக்கத்தில் வாகனம் என்றால் ஓசூர். டிவிஎஸ் 50 மொபெட் 1980-இல் வெளிவந்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதனுடன் சென்றது. தருமபுரியில் ஐ.டி.ஐ. முடிக்கும் மாணவர் பலர் இன்றும் அங்கேதான் வேலை தேடிப் போகிறார்கள். மரையை வெட்டுவதற்கும் உருட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்திருப்பது அவர்களுக்கு நல்லது.

தையல் இயந்திர ஊசியின் தண்டைச் சுற்றிலும் நுண்ணடிகளால் மெலியச் செய்யும் ரோட்டரி ஸ்வேஜிங், குழாய்ச் சுவரை உருளைகளால் அழுத்தி மெல்லியதாக நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னது ராக்கெட் மோட்டார் உறைகள் செய்யவும் பயன்படுகிறது.

எல்லா உலோகமும் இதற்கு இணங்காது. வார்ப்பிரும்பு நொறுங்கிவிடும். தண்டின் விட்டம் சிறிது கூடினாலும் மரை பிதுங்கும். குறைந்தால் மேடு முழுதாக எழாது. உருட்டும் அச்சுகளின் விலையும் அதிகம். ஆயிரக்கணக்கில் செய்தால்தான் அந்தச் செலவு ஈடாகும். நாலைந்து போல்ட் வேண்டுமென்றால் லேத்தே போதும்.